‘இல்லை’ என்று சொல்வதற்கும் சான்று வேண்டும்

விலங்குகள் எல்லாம் ஆக்சிஜனைக் கொண்டே சுவாசிக்கின்றன என்று உயர்நிலைப் பள்ளியில் படித்தேன். தேர்விலும் அப்படியே எழுதினேன். அதற்கு விதிவிலக்கான ஓர் ஒட்டுண்ணி இருப்பது பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

அதன் பெயர் ஹென்னெகுயா சால்மினிகோலா. பசிபிக் சால்மன் மீனின் தசையில் வாழ்கிறது. பத்துக்கும் குறைவான உயிரணுக்களே கொண்ட இதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால், இது கூட்டமாகப் பெருகிய மீனை வெட்டினால் ஜவ்வரிசி போன்ற வெள்ளைக் கட்டிகள் தெரியும்.

இது மிக்சோசோவா என்னும் பிரிவைச் சேர்ந்தது. இப்பிரிவை ஒரு காலத்தில் ஓரணு உயிரிகளோடு சேர்த்திருந்தனர். மரபணு ஆய்வுகள் இவை விலங்குகள், அதுவும் ஜெல்லி மீனின் உறவினர் என்று காட்டின. 2015இல் இப்பிரிவின் இன்னோர் உயிரியான குடோவா இவாட்டாயின் மரபணுத்தொகுதி ஆராயப்பட்டது. மனிதனுக்குச் சுமார் 300 கோடி எழுத்துகள் என்றால், அதற்கு ஏறத்தாழ 2.25 கோடிதான்!

2020இல் இஸ்ரேல், அமெரிக்க ஆய்வாளர்கள் மேலும் வியப்பான செய்தியை வெளியிட்டனர். ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கெனத் தனி டிஎன்ஏ உண்டு. ஹென்னெகுயாவிடம் அது இல்லை.

என்னைக் கவர்ந்தது அந்த முடிவைவிட, அதை அவர்கள் நிறுவிய விதம். காரணம், என் சொந்த அனுபவம். சென்ற பருவத்தில் ஒரு பயிற்சி அறிக்கையில், குறிப்பிட்ட மரபணு ‘இல்லை’ என்று எழுதியிருந்தேன். விரிவுரையாளர் அச்சொல்லை வட்டமிட்டு, “இல்லையா, அல்லது உங்களுக்குக் கிடைக்கவில்லையா?” என்று கேட்டார். மீண்டும் தேடினேன். மரபணு இருந்தது, நான்தான் தவறாகத் தேடியிருந்தேன்.

கருவிகள் டிஎன்ஏவைத் துண்டு துண்டாகப் படிக்கின்றன. கணினி அவற்றை ஒன்றுசேர்க்கிறது. ஒட்டுண்ணி மீனுக்குள் இருப்பதால் மீனின் டிஎன்ஏவும் கலந்துவிடும். அதனால் இருப்பது தவறிப்போகவும் வாய்ப்புண்டு.

எனவே, நெருங்கிய உறவினமான மிக்சோபோலஸ் ஸ்குவாமாலிசையும் அதே முறையில் ஆராய்ந்தனர். அதில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ கிடைத்தது. ஆகவே முறையில் பிழையில்லை. பிறகு சாயமேற்றி நுண்ணோக்கியிலும் பார்த்தனர். உறவினத்தில் ஒளிர்ந்த டிஎன்ஏ ஹென்னெகுயாவில் தென்படவில்லை. அந்த டிஎன்ஏவைப் படியெடுக்க உதவும் மரபணுக்களும் ஏறக்குறைய முழுவதும் மறைந்திருந்தன. சில சிதைந்த மிச்சங்களாக மட்டும் கிடந்தன. இத்தனைக்கும் பிறகே ‘இல்லை’ என்றனர்.

பரிணாமம் என்றால் எளிமையிலிருந்து சிக்கலை நோக்கி ஏறும் படிக்கட்டு என்று நினைத்திருந்தேன். தேவையற்றதைக் கைவிடுவதும் பரிணாமமே என்று இந்தச் சிற்றுயிர் காட்டியது.

இப்போதெல்லாம் அறிக்கையில் ‘இல்லை’ என்று எழுதுமுன் ஒரு கணம் நிறுத்துகிறேன். நீங்களும் அடுத்த ஆய்வுக்கூட வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இல்லையா, அல்லது கிடைக்கவில்லையா?