ஓடாமலே கிழடாகும் டயர்

காரின் டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினால், அடியில் ஒரு சக்கரம் படுத்திருக்கும். பஞ்சரானால் மாற்றிக்கொள்வதற்கான அந்தச் சக்கரத்தை நம் ஓட்டுநர்கள் 'ஸ்டெப்னி' என்பார்கள். சாலையோரப் பஞ்சர் கடையிலும் இதே சொல்தான். ஆனால் இன்றைய ஆங்கிலேயர் ஒருவரிடம் போய் ஸ்டெப்னி என்றால் பெரும்பாலும் விழிப்பார். அது ஒரு தெருவின் பெயர்!

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லானெல்லி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய டேவிஸ் சகோதரர்கள் 1904ஆம் ஆண்டில் ஒரு புதுப் பொருளை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். அக்காலக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. டயர் பஞ்சரானால் அதை வழியிலேயே கழற்றி ஒட்டவேண்டும். டேவிஸ் சகோதரர்கள் செய்தது ஆரக்கால் இல்லாத ஒரு வளையம். அதில் காற்றடைத்த டயர் தயாராக இருக்கும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல், அதன் பக்கவாட்டிலேயே இந்த வளையத்தை முடுக்கிவிட்டு வண்டியை ஓட்டிப் போய்விடலாம். அந்தக் கருவி மறைந்துவிட்டது. அதன் பெயர் மட்டும் நம் நாட்டில் நிலைத்துவிட்டது.

இப்போது ஒரு கேள்வி. கார் வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஸ்டெப்னி ஒருநாள்கூடச் சாலையைத் தொடவில்லை. அதன் பட்டன்கள் கூர்மையாக, தேயாமல் இருக்கின்றன. மற்ற டயர்கள் மொட்டையாகிவிட்டதால் "இது புத்தம் புதிதாயிற்றே!" என்று அதை எடுத்து மாட்டுகிறார்கள். அது புதிய டயர்தானா?

அல்ல. தேய்மானம் வேறு, முதுமை வேறு. தேய்வதற்கு டயர் ஓடவேண்டும்; முதுமை அடைவதற்கோ சும்மா இருந்தாலே போதும்.

டயரின் ரப்பர் மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. 1839ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படுவதைக் கண்டறிந்தார். கந்தக அணுக்கள் ஒரு சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் இடையே பாலம் கட்டிவிடுகின்றன. அதனால்தான் இழுத்த ரப்பர் மீண்டும் பழைய நிலைக்கு வருகிறது. பாலங்கள் அளவோடு இருந்தால் ரப்பர் துவளும், மிகுந்துவிட்டால் விறைத்துவிடும்.

தொழிற்சாலையை விட்டு வந்த பிறகும் இந்த வேலை நின்றுவிடுவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல ரப்பருக்குள் புகுந்து, சில இடங்களில் சங்கிலிகளை அறுக்கிறது. சில இடங்களில் புதிய பிணைப்புகளை உண்டாக்குகிறது. வெளிக்காற்று மட்டுமல்ல, டயருக்குள் நாம் அழுத்தி அடைத்த காற்றும் இதையே செய்கிறது. உள்ளிருக்கும் ஆக்சிஜன், அழுத்தத்தின் காரணமாக ரப்பரை ஊடுருவி வெளியேறப் பார்க்கும். போகிற வழியெல்லாம் அதற்கு வேலைதான்! காற்றடைத்து டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி உள்ளிருந்தே மூப்படைவது இப்படித்தான். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையினர், வெயில் கொளுத்தும் ஃபீனிக்ஸ் நகரில் 2003இல் பழைய டயர்களைத் திரட்டிச் சோதித்தபோது, சாலையில் ஓடாத ஸ்டெப்னி டயர்களின் ரப்பரும் சிதைந்திருந்ததைக் கண்டார்கள். வேதிவினைகள் வெப்பத்தில் விரைவுபடும் என்பதை வகுப்பில் படித்திருப்பீர்கள். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியைத் தொட்டுப் பாருங்கள், மற்றது விளங்கும்.

இன்னொரு பகைவன் ஓசோன். தரையருகே உள்ள காற்றில் அது நூறு கோடியில் சில பத்துப் பங்கு அளவே இருக்கும். ஆனாலும் இழுபட்ட நிலையிலுள்ள ரப்பரை அது வெட்டிவிடும். இதை நீங்களே பார்க்கலாம். இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஒரு மரத்துண்டின் மேல் நன்றாக இழுத்து மாட்டுங்கள். மற்றதைத் தளர்வாக அதன் அருகில் வையுங்கள். மழை படாத, காற்றோட்டமான நிழலில் சில வாரங்கள் இருக்கட்டும். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். இழுத்த வளையத்தில், இழுத்த திசைக்குக் குறுக்காக நுண்ணிய வெடிப்புகள் தெரியும். பழைய டயரின் பக்கச் சுவரில் காணும் வெடிப்புகளும் இதே இனம்தான். வேடிக்கை என்னவென்றால், தரையருகே ஓசோன் உண்டாவதற்கு மோட்டார் வண்டிகளின் புகையும் ஒரு காரணம்.

டயர் செய்பவர்கள் இதை அறிந்தே ரப்பரில் மெழுகும் காப்பு மருந்துகளும் கலக்கிறார்கள். டயர் ஓடும்போது நசுங்கி நசுங்கி நிமிர்வதால் இவை மேற்பரப்புக்குக் கசிந்து வந்து படலமாகப் படிகின்றன. ஓடாத டயரில் இந்தப் புதுப்பித்தல் குறைவு. சில ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் கார்களின் டயர்கள் விரைவில் வெடித்துப்போவதை நீங்களும் கவனித்திருக்கலாம்.

வெளி வெடிப்பாவது கண்ணுக்குத் தெரியும். பட்டன்களுக்கு அடியில், எஃகுக் கம்பிப் பட்டைகளை ரப்பர் பற்றியிருக்கும் இடத்தில் ஏற்படும் பிளவு தெரியாது. முதுமையால் பிடிப்பு இளகிய டயர் நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறும்போது, மேல்தோல் உரிந்து வருவது போலப் பிரிந்துவிடக்கூடும். 2012 செப்டம்பரில் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், இசைவிழாவிலிருந்து திரும்பிய ஒரு பேருந்தின் முன்டயர் வெடித்து, பேருந்து மரத்தில் மோதியது. ஓட்டுநரும் பயணிகள் இருவரும் இறந்தார்கள். இறந்த இளைஞர் ஒருவரின் வயது 18. வெடித்த டயரின் வயது 19! டயர் இத்தனை ஆண்டுக்கு மேல் கூடாது என்று சொல்லும் சட்டம் அப்போது அங்கே இல்லை. அவ்விளைஞரின் தாய் பல ஆண்டுகள் போராடினார். 2021 பிப்ரவரியிலிருந்து, லாரி, பேருந்துகளின் முன்அச்சில் 10 ஆண்டு கடந்த டயர்களைப் பிரிட்டன் தடை செய்தது.

டயரின் வயதை அறிவது எளிது. பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. (சில டயர்களில் இது உட்பக்கச் சுவரில் மட்டும் இருக்கும், குனிந்துதான் பார்க்கவேண்டும்.) மூன்றே எண்கள் இருந்தால் அது 2000க்கு முந்திய டயர். அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், தூக்கிப் போடவேண்டியதுதான். கார் நிறுவனங்கள் பல 6 ஆண்டிலும், டயர் நிறுவனங்கள் சில அதிகபட்சமாக 10 ஆண்டிலும் மாற்றச் சொல்கின்றன. ஸ்டெப்னிக்கும் இந்தக் கணக்குத்தான். நம் வெயிலுக்குச் சிறிய எண்ணையே எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

ஸ்டெப்னியை வீணாக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. அது மற்ற நான்கின் அளவிலேயே இருந்தால், சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றும்போது அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்தும் ஒன்றாகத் தேயும், ஒன்றாக ஓய்வு பெறும். இரண்டே புதிய டயர்கள் வாங்கினால் அவற்றைப் பின்பக்கம் மாட்டவேண்டும். ஈரச்சாலையில் பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். அதைத் திருப்பிப் பிடிப்பது கடினம்.

காற்றையும் மறக்கக்கூடாது. பஞ்சர் இல்லாத நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு காற்று ரப்பர் வழியாகவே கசிந்துவிடும். 33 பவுண்டு அடைத்த ஸ்டெப்னியை ஓராண்டு கவனிக்காமல் விட்டால் 20 பவுண்டுதான் மிஞ்சும். நள்ளிரவில், மழையில், அதை வெளியே எடுக்கும்போதுதான் தெரியவரும். சில கார்களில் உள்ள ஒல்லி ஸ்டெப்னிக்குப் பொதுவாக 60 பவுண்டு தேவை. அதை மாட்டிக்கொண்டு மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது.

சக்கரம் மாற்றும்போது, ஜாக்கி போட்டுத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிடுவார்கள். ஏன் தெரியுமா? சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போது உராய்வு அதைச் சுற்றவிடாது. தூக்கிய பிறகு ஸ்பானரைத் திருகினால் சக்கரமே சுழலும், கார் ஜாக்கியிலிருந்து நழுவவும் கூடும். மாட்டும்போது நட்டுகளை வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்குவது, சக்கரம் ஒருபுறம் சாயாமல் சமமாகப் படிவதற்காக.

2020 ஜூலையில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. டியூப் இல்லாத டயர்கள், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி, பஞ்சர் பழுது பார்க்கும் பெட்டி ஆகியவை உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அந்தப் பெட்டியில் ஒரு குப்பி இருக்கும். துளையை அடைக்கும் ரப்பர்ப் பால் போன்ற திரவம் அதில் உண்டு. அந்தக் குப்பியின் மேலும் ஒரு தேதி அச்சிட்டிருப்பார்கள். அதற்குள் மாற்றிவிட வேண்டும்.