நோயாளரைக் காவிய அயலார்

நெடுந்தீவில் இரவில் ஒருவருக்குக் கடும் வருத்தம் வந்தால், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போக முதலில் கடலைக் கடக்க வேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பிறகுதான் தரைவழி. நயினாதீவுக்கும் இதே நிலைதான். 2018 இல் வடக்கிற்கு வந்த '1990' இலவச அம்புலன்ஸ் சேவை பேருதவியே. ஆனால் வண்டி கடலில் ஓடாதே! கரை சேரும்வரை நோயாளி அயலாரின் கையிலேயே இருக்கிறார்.

இது புதிய நிலையல்ல. 1899 இல் தென்னாபிரிக்கப் போரில் காந்தி திரட்டிய இந்திய அம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தனர். பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள், தமிழரும் பலர். காயப்பட்டோரை ஸ்ரெச்சரில் வைத்து மைல்கணக்காகச் சுமந்தனர்.

அமெரிக்காவின் ரோனோக் நகரில் 1909 இல் ஆற்றில் தோணி கவிழ்ந்து இருவர் மாண்டனர். கரையில் நின்றோருக்குக் காப்பாற்றும் வகை தெரியவில்லை. அதைக் கண்ட சிறுவன் யூலியன் வைஸ், வளர்ந்து புகையிரதப் பகுதியில் வேலை செய்தபோது, 1928 இல் சக ஊழியர் ஒன்பது பேருடன் மீட்புத் தொண்டர் குழுவொன்றை அமைத்தார். அக்காலத்தில் அந்நாட்டின் பல ஊர்களில் பிரேத வண்டியே நோயாளரையும் ஏற்றியது. வழியில் கவனிக்கப் பயின்றவர் இல்லை. வைஸின் குழுவினர் முதலுதவி பயின்றவர்கள். வேறு ஊர்களும் அவ்வழியைப் பின்பற்றின.

நாமிருப்பது முகாமானாலும், உறவினர் வீடானாலும், மீளக் குடியேறிய காணியானாலும், நாலைந்து பேர் கூடி முதலுதவி பழகலாம். இரத்தம் பெருகும் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கவும், விழுந்தவரைக் கழுத்து அசையாமல் பலகையில் தூக்கவும் பழகுவோம். இரவில் யாருடைய படகு, யார் ஓட்டி, எண்ணெய் எங்கே என்பதை இன்றே பேசி வைப்போம்.