மோத்ராவை அழைத்த பாட்டு

கடந்த விடுமுறையில் பாட்டி வீட்டு ஹாலில் ஒரு பழைய ஜப்பானியப் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1961ஆம் ஆண்டு வெளிவந்த ‘மோத்ரா’. ஓர் அடி உயரமே உள்ள இரட்டைச் சகோதரிகள் மேடையில் நின்று பாடும் காட்சி வந்தது. சமையலறையிலிருந்து பாட்டி கேட்டார்: “என்னம்மா, மலாய்ப் பாட்டா அது?”

“இல்ல பாட்டி, ஜப்பான் படம்” என்று சொல்லிவிட்டேன். பாட்டி விடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காட்சியை முதலிலிருந்து மறுபடி ஓட்டினோம். பாட்டி சொன்னது கிட்டத்தட்ட சரிதான். அந்தப் பாட்டு நம் மலாய் மொழியின் உடன்பிறப்பான இந்தோனேசிய மொழியில் இருக்கிறது. பாடுபவர்கள் ஜப்பானியர்கள் என்பதால் உச்சரிப்பு கொஞ்சம் மாறுகிறது. காது பழகியதும் சொற்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன.

ஜப்பானிய இராட்சத விலங்குப் படம் என்றால் நம்மில் பலருக்கு ரப்பர் உடையும், இடிந்து விழும் அட்டைக் கட்டடங்களும்தான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான். அன்றைக்குப் பிறகு இந்தப் படங்களைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்கத் தொடங்கினேன். ஒரு விலங்கைக் கண்டு நாம் பயப்பட வேண்டுமா, இரக்கப்பட வேண்டுமா என்பதைப் பெரும்பாலும் இசைதான் நமக்குச் சொல்கிறது.

காட்டிலிருந்து வந்த இசையமைப்பாளர்

முதலாவது ‘காட்ஸில்லா’ 1954 நவம்பர் 3ஆம் தேதி ஜப்பானில் திரையிடப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 1ஆம் தேதி பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. அதன் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது விழுந்தது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் செப்டம்பரில் இறந்தார். கடலில் ஒரு கப்பல் திடீர் ஒளியில் அழிவதோடு படம் தொடங்கும்போது, அன்றைய ரசிகர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

படத்தை இயக்கியவர் இஷிரோ ஹோண்டா. இசை அக்கிரா இஃபுக்குபே. 1914ல் ஹொக்கைடோ தீவில் பிறந்த இஃபுக்குபே, அங்கு வாழும் ஐனு பூர்வகுடி மக்களின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். இசைக் கல்லூரிக்குப் போனவர் அல்லர். பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது வனவியல். இசையமைக்கத் தானாகவே கற்றுக்கொண்டார்.

போர்க்காலத்தில் மரத்தின் வலிமையை ஆராயும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. அதற்கு எக்ஸ்ரே கருவியைப் பயன்படுத்த வேண்டும். காரீயத்துக்குத் தட்டுப்பாடு என்பதால் பாதுகாப்புக் கவசம் இல்லாமலேயே வேலை செய்தார். கதிர்வீச்சால் உடல்நலம் கெட்டு, காட்டு வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இசைக்கு வந்தார். கதிர்வீச்சோடு எழுந்து வரும் விலங்குக்கு இசை கொடுத்தவர், தாமே கதிர்வீச்சுக்கு ஆளானவர்.

காட்ஸில்லாவின் உறுமலும் அவருடைய யோசனைதான். உண்மையான விலங்குகளின் குரல்களை முயன்று பார்த்தும் எதுவும் பொருந்தவில்லை. டபுள் பாஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் தேய்த்து ஒலியைப் பதிவு செய்தார்கள். பிறகு அந்தப் பதிவின் வேகத்தை மாற்றினார்கள். நாம் மிருகத்தின் குரல் என்று நினைப்பது ஒரு வாத்தியத்தின் முனகல்.

மூன்று சுரங்களும் ஒரு மெட்டும்

காட்ஸில்லா என்றதும் எல்லாருக்கும் தெரிந்த அந்த மெட்டு மூன்று சுரங்களில் தொடங்குகிறது. நம் முறையில் சொன்னால் ச-நி-த, ச-நி-த என்று மேலிருந்து இறங்கி இறங்கி வரும். ஜப்பானியர்கள் அதை ‘டோ-ஷி-ரா’ என்று பாடுவார்கள். ஜப்பானில் காட்ஸில்லாவின் பெயர் ‘கோஜிரா’. பெயரை வைத்தே மெட்டுப் போட்டுவிட்டாரோ என்று தோன்றும். ஆனால் 1948லேயே, காட்ஸில்லா பிறப்பதற்கு முன்பே, வயலினுக்காக எழுதிய ஒரு படைப்பில் இந்த மெட்டை இஃபுக்குபே பயன்படுத்திவிட்டார்.

எனக்கு இன்னும் வியப்பாக இருந்தது வேறொன்று. 1954 படத்தின் கதைக்குள் இந்த மெட்டு காட்ஸில்லாவுக்கு உரியதல்ல. அதை எதிர்த்துப் போரிடும் மனிதர்களுக்கு உரியது. விலங்குக்கென்று தாழ்ந்த சுரங்களில், கனமாக நகரும் வேறொரு இசை இருந்தது. பின்னர் 1960களில் வந்த படங்களிலும் அந்தக் கனத்த இசையே காட்ஸில்லாவோடு நடந்து வந்தது.

காலப்போக்கில் காட்ஸில்லா மாறியது. நகரத்தை அழிக்க வந்தது, மற்ற விலங்குகளிடமிருந்து மனிதர்களைக் காப்பாற்றுகிற, சிறுவர்கள் கைதட்டி வரவேற்கிற பாத்திரமாக ஆனது. 1975ல் வந்த மெக்காகாட்ஸில்லா படத்துக்கு இஃபுக்குபே மீண்டும் இசையமைத்தபோது, அந்தப் பழைய ச-நி-த மெட்டைக் காட்ஸில்லாவுக்கே கொடுத்தார். 1991ல் திரும்பி வந்தபோதும் அப்படியே செய்தார். துரத்தியவர்களின் மெட்டு, துரத்தப்பட்டதற்குச் சொந்தமாகிவிட்டது. 2016ல் வந்த ‘ஷின் காட்ஸில்லா’விலும் 2023ல் வந்த ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’னிலும் இஃபுக்குபேயின் இசை ஒலிக்கிறது. அவர் 2006ல் காலமானவர்.

முதல் படத்தில் இன்னொரு பாட்டும் உண்டு. நகரம் அழிந்த பிறகு, பள்ளி மாணவிகள் கூடி அமைதிக்காகப் பாடுவதைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். பயங்கரமான ஓர் ஆயுதத்தைக் கண்டுபிடித்து, யார் கையிலும் கொடுக்க மறுத்துவந்த விஞ்ஞானி செரிசாவா, அதைப் பார்த்துத்தான் மனம் மாறுகிறார். கடைசியில் காட்ஸில்லா கடலடியில் இறக்கும்போது வெற்றி முழக்கம் எழுவதில்லை. துக்க வீட்டுக்கு ஏற்ற இசையே வருகிறது. கொல்லப்பட்டது நம் எதிரி என்றாலும் தலையைக் குனியுங்கள் என்று இசை சொல்கிறது.

கைதட்டியவர்களுக்குப் புரியாதது

மோத்ராவின் பாட்டு இவற்றிலிருந்து வேறுபட்டது. காட்ஸில்லாவின் இசை படம் பார்க்கும் நமக்கு மட்டும்தான் கேட்கும். மோத்ராவின் பாட்டு கதைக்குள்ளேயே பாடப்படுகிறது. அதைக் கேட்டுத்தான் மோத்ரா வருகிறது.

கதை இதுதான். அணுகுண்டுச் சோதனை நடந்த ஒரு தீவில் இன்னும் மக்கள் வாழ்கிறார்கள். அங்கிருந்து இரட்டைச் சகோதரிகளைப் பேராசைக்காரன் ஒருவன் கடத்தி வந்து, தோக்கியோவில் டிக்கெட் போட்டு மேடையேற்றுகிறான். அவர்கள் பாடுகிறார்கள். அரங்கம் கைதட்டுகிறது. அவர்கள் பாடுவது ஒரு பிரார்த்தனை, உதவி கேட்டு எழுப்பும் குரல் என்பது அங்கு யாருக்கும் புரியவில்லை. தூரத்துத் தீவில் ஒரு முட்டை உடைகிறது. பிரம்மாண்டமான புழு ஒன்று கடலைக் கடந்து அவர்களைத் தேடி வருகிறது.

பாடியவர்கள் ‘த பீனட்ஸ்’ என்று புகழ்பெற்ற உண்மையான இரட்டைச் சகோதரிகள். இசையமைத்தவர் யூஜி கோசெக்கி. பாட்டின் வரிகளை முதலில் ஜப்பானிய மொழியில் எழுதி, பிறகு இந்தோனேசிய மொழிக்கு மாற்றினார்கள். தோக்கியோ ரசிகர்களுக்கு அது எங்கேயோ உள்ள தீவின் மர்ம மொழியாகக் கேட்க வேண்டும் என்பதே எண்ணமாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் நமக்கு அது மர்ம மொழியல்ல. பேருந்து நிலையத்தில், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில், பக்கத்து வீட்டில் கேட்கிற மொழிக்கு மிக நெருக்கமான மொழி. மேடைக்கு முன்னால் இருந்த பணக்கார ரசிகர்களுக்குப் புரியாதது, பாட்டிக்குப் புரிந்தது. “பாட்டு இல்லம்மா இது. கூப்பிடுறாங்க. கும்பிட்டுக் கூப்பிடுறாங்க” என்றார்.

அந்த மகிழ்ச்சியோடு ஒரு நெருடலும் வந்தது. தீவு மக்களாக நடித்திருப்பவர்கள் உடம்பில் கரிய சாயம் பூசிய ஜப்பானியர்கள். நம் பக்கத்து மொழியையும் நம் நிறத்தையும் ஒரு வேடமாகத்தான் அந்தப் படம் எடுத்துக்கொண்டது. கோசெக்கியைப் பற்றிப் படித்தபோது நெருடல் கூடியது. 1937ல் ஜப்பானிய வீரர்களைப் போருக்கு வழியனுப்பும் புகழ்பெற்ற பாட்டுக்கு மெட்டமைத்தவர் அவர். 1944ல் பர்மா போர்முனைப் பகுதிக்கும் அனுப்பப்பட்டவர்.

பர்மா என்ற பெயரைச் சொன்னதும் பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய அப்பா சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு, உயிரோடு திரும்பியவர்களில் ஒருவர். அவர் வீட்டில் இருந்தவரை ஜப்பான் என்ற பேச்சையே யாரும் எடுக்க மாட்டார்களாம்.

அதே கோசெக்கிதான் போர் முடிந்த பிறகு, 1949ல், அணுகுண்டு விழுந்த நாகசாகியின் தேவாலய மணியைப் பற்றிய பாட்டுக்கும் இசையமைத்தார். 12 ஆண்டுகள் கழித்து, அணுகுண்டு சுட்ட ஒரு தீவின் மக்கள் உதவி கேட்கும் பாட்டுக்கு மெட்டமைத்தார். ஒன்று மற்றொன்றை அழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீரர்களை அனுப்பிவைத்த அதே கை, பறிகொடுத்தவர்களின் குரலையும் எழுதியிருக்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டு கேட்பதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

அடுத்த முறை இப்படிப்பட்ட ஒரு படம் பார்க்கும்போது, நண்பர்களே, ஒரு காட்சியில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இசையைக் கேளுங்கள். இந்த மெட்டு யார் பக்கம் நிற்கிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பாடப்பிரிவு எதுவாக இருந்தாலும் இந்தக் கேள்வி உதவும். செய்தியில் வரும் காணொளிக்கும் விளம்பரத்துக்கும் தேர்தல் பிரசாரத்துக்கும் இசை போடுகிறவர்களும் நம்மை ஒரு பக்கம் நிறுத்தத்தான் பார்க்கிறார்கள்.

படம் முடிந்தது. மோத்ரா சகோதரிகளை மீட்டுக்கொண்டு தீவுக்குத் திரும்பியது. பாட்டி எழுந்து சமையலறைக்குப் போனார். அரிசி களையும் சத்தத்தோடு அந்த மெட்டை அவர் முணுமுணுப்பதும் கேட்டது.