விண்கலத் தலைவனும் வேடம் தரித்தவரும்

போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விடியுமுன்னே போடிநாயக்கனூரிலிருந்து புறப்படும் ஜீப்புகள், ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களைச் சுமந்து அவ்வளைவுகளில் முனகிக்கொண்டே ஏறுவதை நம் வாசகர்களில் பலர் அறிவர். அத்தகைய தாய் ஒருவரின் இல்லத்திற்கு அண்மையில் ஒரு மாலையில் சென்றிருந்தோம். தாய் இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. பாட்டி திண்ணையில் அமர்ந்து முறத்தில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்புப் பயிலும் பேரன் கைப்பேசியில் மூழ்கியிருந்தான்.

“என்ன தம்பி, அப்படி என்ன பார்க்கிறாய்?” என்றோம்.

“கேப்டன் கிர்க், ஃபாதர்! இவரு நெசமாவே ராக்கெட்டில போயிட்டு வந்தாராம்” என்றான்.

பாட்டி தலை நிமிராமலே, “எங்க எம்.ஜி.ஆரு அந்தக் காலத்திலேயே வேற உலகத்துக்குப் போயிட்டு வந்துட்டாரு, சாமி” என்றார்.

மூவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின் அவ்விரு கூற்றுகளும் நம்மைச் சிந்திக்க வைத்தன. பாட்டி கூறியது திரைக்கதை. பேரன் கூறியதோ உண்மையில் நடந்தது. ஆனால் விண்ணுக்குச் சென்றவர் கிர்க் அல்லர், கிர்க்காக நடித்தவர். வேடம் வேறு, வேடம் தரித்த மனிதர் வேறு என்பதை நாம் எவ்வளவு எளிதில் மறந்துவிடுகிறோம்!

விண்கலம் ஏறிய உழவர்

பாட்டி நினைவுகூர்ந்தது 1963-இல் வெளிவந்த ‘கலை அரசி’ என்னும் படம். இயக்கியவர் ஏ. காசிலிங்கம். வேற்றுக் கோள் ஒன்றில் அறிவியல் ஓங்கி வளர்ந்திருக்கிறது. ஆனால் கலை இல்லை. எனவே அக்கோளினர் நம் உலகிலிருந்து இசை வல்ல பெண் ஒருத்தியைக் கவர்ந்து செல்கின்றனர். அப்பெண்ணாக பி. பானுமதியும், கவர்ந்து செல்பவராக எம். என். நம்பியாரும், அவளை மீட்கச் செல்லும் உழவராக எம்.ஜி.ஆரும் நடித்தனர். மனிதன் நிலவில் காலடி வைப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் உழவர் ஒருவர் திரையில் விண்கலம் ஏறிவிட்டார்!

அதே 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவச் சிற்றூரிலிருந்து நம் நாட்டு மண்ணிலிருந்து விண்வெளி ஆய்வுக்கான முதல் ராக்கெட் உண்மையாகவே விண்ணில் பாய்ந்தது. அவ்வூர்ப் புனித மகதலா மரியாள் ஆலயமே விஞ்ஞானிகளுக்கு முதல் அலுவலகமாயிற்று. அந்நாள்களில் ராக்கெட்டின் உறுப்புகள் மிதிவண்டியில் எடுத்துச் செல்லப்பட்டன. திரையில் விண்கலம் மின்னியது. உண்மையோ மிதிவண்டியில் வந்தது!

மக்களின் உள்ளம் வேடத்தையும் மனிதரையும் ஒன்றாக்கிவிடும் என்பதற்கு நம் தேனிச் சீமையே சான்று. 1984-இல் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்தபோது, ஒருநாள்கூடப் பரப்புரைக்கு வராமலே ஆண்டிபட்டித் தொகுதியில் வென்றார். ஆட்சியில் அவர் ஆற்றிய பணிகள் அதற்குக் காரணமாயிருக்கலாம். ஆயினும் திரையில் ஏழைக்குத் துணைநின்ற அத்தனை வேடங்களும் அவ்வாக்குகளில் கலந்திருந்தன என்பதை யார் மறுப்பர்?

கிர்க் என்னும் தலைவன்

பேரன் போற்றும் கேப்டன் கிர்க், ‘ஸ்டார் டிரெக்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் நாயகன். ‘என்டர்பிரைஸ்’ என்னும் விண்கலத்தின் தலைவன். 1966 முதல் 1969 வரை 79 பகுதிகளாக அத்தொடர் ஒளிபரப்பாயிற்று. கிர்க் வேடம் தரித்தவர் வில்லியம் ஷாட்னர். கனடாவின் மான்ட்ரியால் நகரில் 1931-இல் பிறந்தவர்.

அத்தலைவனிடம் இளைஞர் கற்கத்தக்கவை உண்டு. நிறவெறி கொந்தளித்த அந்நாள்களில் அவனுடைய கலத்தில் கறுப்பினப் பெண் ஒருவர் அதிகாரியாயிருந்தார். ஜப்பானிய வழிவந்தவர் கலத்தைச் செலுத்தினார். அமெரிக்காவும் ரஷ்யாவும் பகைமை பாராட்டிய வேளையில் ரஷ்ய இளைஞர் ஒருவரும் பின்னர் வந்து சேர்ந்தார். கிர்க்கின் ஒருபுறம் ஸ்போக். உணர்ச்சிக்கு இடங்கொடாமல் அறிவை மட்டுமே பேசுபவர். மறுபுறம் மருத்துவர் மெக்காய்; இரக்கத்தை விட்டுக்கொடாதவர். இருவரையும் கேட்டபின்னரே தலைவன் முடிவெடுப்பான். அறிவும் இரக்கமும் இருபுறமும் நிற்க நடுவே அமர்பவனே நல்ல தலைவன், இல்லத்திலும் அப்படித்தான்!

வேடத்தினுள் இருந்த மனிதர்

ஆனால் வேடம் தரித்தவரின் வாழ்க்கை வேறாயிருந்தது. 1969 ஜூன் மாதத்தில் தொடர் நின்றது. மணமுறிவு நேர்ந்தது, மூன்று பெண்மக்களைப் பேணும் பொறுப்போ நீடித்தது, கையில் பணமில்லை. ஊர் ஊராகச் சென்று நாடகம் நடித்த ஷாட்னர், ஒரு வண்டியின் பின்புறத்திலிருந்த சிறு கூண்டையே வீடாகக் கொண்டு காலம் தள்ளினார். ஜூலை 20-ஆம் நாள் நீல் ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கிய காட்சியை, அக்கூண்டினுள் படுத்தபடி ஒரு சின்னஞ்சிறு தொலைக்காட்சிப் பெட்டியில் அவர் கண்டார். அண்டமெல்லாம் ஆண்ட தலைவனுக்கு அன்று சொந்தமாய் ஒரு கூரையில்லை!

திரையில் எவரையும் கைவிடாத கேப்டன், படப்பிடிப்புத் தளத்தில் அத்தகைய தோழராய் இருக்கவில்லை என்று உடன் நடித்தோர் சிலர் தம் நூல்களில் பின்னர் எழுதினர். 1999 ஆகஸ்டு மாதத்தில், மதுப்பழக்கத்தோடு நெடுநாள் போராடிய அவருடைய மனைவி, வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்து கிடந்ததை ஷாட்னரே கண்டார். எத்தனையோ உலகங்களைத் திரையில் மீட்டவரால் தம் இல்லத்தில் ஓர் உயிரை மீட்க இயலவில்லை. மதுவால் மனைவியர் கண்ணீர் வடிக்கும் இல்லங்கள் நம்மிடையே எத்தனை! அவர்களுக்கு இவ்வேதனையை நாம் விளக்க வேண்டுவதில்லை.

உண்மையில் ஏறியபோது

2021 அக்டோபர் 13-ஆம் நாள், தம் 90-ஆம் வயதில், ‘புளூ ஆரிஜின்’ நிறுவனத்தின் ராக்கெட்டில் ஷாட்னர் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து உண்மையாகவே விண்ணுக்கு ஏறினார். பயணம் ஏறத்தாழ 10 நிமிடமே. எட்டிய உயரம் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். விண்ணுக்குச் சென்றோரில் அப்போது அவரே மிக மூத்தவர்.

கீழே இறங்கியவரைச் சூழ்ந்து நின்றோர் ஷாம்பெயின் புட்டியைத் திறந்து ஆர்ப்பரித்தனர். முதியவரோ ஒருபுறம் நின்று கண்ணீர் சிந்தினார். மேலே நோக்கியபோது அவர் கண்டது மரணம் போன்ற கருமை; கீழே நோக்கியபோது கண்டது உயிர் தாங்கும் மெல்லிய நீலப் போர்வை. வியப்பை எதிர்பார்த்துச் சென்ற தம்மைத் துயரமே ஆட்கொண்டது என்றும், மாந்தர் அழித்துவரும் இப்பூமிக்காகத் தாம் அழுததாகவும் அடுத்த ஆண்டு தம் நூலில் எழுதினார்.

கேப்டன் கிர்க் விண்வெளியைக் கண்டு அழுததில்லை. அழுதவர் ஷாட்னர். வெற்றி முழக்கம் வேடத்திற்குரியது, கண்ணீர் மனிதருக்குரியது. இளைஞர்கள் சுவரில் ஒட்டும் படம் முன்னதைக் காட்டும். நம்மைப் போன்றோருக்குப் பயன்படுவதோ பின்னது.

இவற்றையெல்லாம் திண்ணையில் அமர்ந்து பேரனுக்குக் கூறினோம். சற்று நேரம் அமைதியாயிருந்தான். பின்னர், “அப்ப அவரு கேப்டன் இல்லையா, ஃபாதர்?” என்று ஏமாற்றத்தோடு கேட்டான். “கேப்டனாக நடித்தார், தம்பி. ஒவ்வொரு நாளும் மனிதராக இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, நமக்கும் அப்படித்தான்” என்றோம்.

அப்போது தெருமுனையில் ஜீப் வந்து நின்றது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் இறங்கினர். 17 வளைவுகளையும் காலையில் ஏறி மாலையில் இறங்கிய அவன் தாயும் அவர்களுள் ஒருவர். பேரன் கைப்பேசியைத் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்து போய், அம்மாவின் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டான். நாம் ஏதும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பெற்றோரே, பிள்ளைகள் திரை நாயகரை விரும்புவதைக் கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் அமர்ந்து, “இந்த வேடத்தில் உனக்குப் பிடித்த நற்குணம் எது? அதை நம் வீட்டில் யாரிடம் காண்கிறாய்?” என்று கேளுங்கள். விடையாக உங்கள் பெயரை அவர்கள் சொல்லும்படி வாழ்வது நம் கையில் உள்ளது.