சின்னஞ்சிறு ஜம்பர்

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பர் பெரியோர். பழைய கணிப்பொறியின் வன்தட்டில் பொருத்தப்படும் ஜம்பர் என்னும் சிறு மூடிக்கு இப்பழமொழி முற்றும் பொருந்தும். இம்மூடி இடம் மாறியிருந்தால், பல ஆண்டுத் தகவல்களைத் தாங்கிய தட்டு கணிப்பொறியின் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அது எப்படி என்று பார்ப்போமா?

1986-ஆம் ஆண்டு வாக்கில் தோன்றிய ஐ.டி.இ. முறையில், ஒரே பட்டைக் கேபிளில் இரண்டு வன்தட்டுகளை இணைக்கலாம். கணிப்பொறி இடும் கட்டளை இரண்டுக்குமே போய்ச் சேரும். அப்படியானால் எந்தத் தட்டு கீழ்ப்படிவது? இதற்காகவே ஒன்றுக்கு 0 என்றும், மற்றதற்கு 1 என்றும் எண் உண்டு. கட்டளையோடு வரும் எண்ணுக்கு உரிய தட்டு மட்டும் அதை நிறைவேற்றும். வகுப்பில் இருவருக்கு ஒரே வருகை எண் இருந்தால் என்ன ஆகும்? இருவரும் ஒருசேரக் குரல் கொடுப்பர், ஆசிரியை திகைப்பார். இரு தட்டுகளுக்கும் ஒரே எண் அமைந்தால் கணிப்பொறியின் கதியும் அதுவே.

0 எண்ணுள்ளதை மாஸ்டர் என்றும், 1 எண்ணுள்ளதை ஸ்லேவ் என்றும் அழைப்பது வழக்கம். ஆண்டான், அடிமை என்பது பொருள். ஆனால் ஒன்றை மற்றொன்று ஆள்வதில்லை; இரண்டும் கணிப்பொறியின் கட்டளைக்கே பணிகின்றன. எனவே இப்பெயர்கள் பொருத்தமற்றவை என்பது எங்கள் கருத்து.

இந்த எண்ணை வழங்குவதே ஜம்பரின் வேலை. வன்தட்டின் பின்புறம், பெரும்பாலும் கேபிள் செருகும் இடத்துக்கும் மின்சாரம் செருகும் இடத்துக்கும் நடுவே, இரு வரிசையாகச் சில ஊசிகள் நிற்கும். மூடியினுள் சிறு உலோகத் துண்டு உள்ளது. அதை இரண்டு ஊசிகள் மீது செருகினால் அவற்றுக்கிடையே மின்தொடர்பு ஏற்படும். எந்த ஊசிகள் எதற்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தட்டின் மேல் ஒட்டிய சீட்டில் பெரும்பாலும் அதன் படம் இருக்கும். அதுவே நமக்கு வழிகாட்டி. வெஸ்டர்ன் டிஜிட்டல் தட்டுகள் பலவற்றில், தட்டு தனியாக இருந்தால் மூடியே தேவையில்லை. இன்னொரு தட்டு உடன் இருக்கும்போதுதான் மாஸ்டர் இடத்தில் செருக வேண்டும்.

கேபிள் செலக்ட் என்ற மூன்றாம் வகையும் உண்டு. இரு தட்டுகளையும் அவ்வாறு அமைத்தால், கேபிளில் இணைக்கும் இடமே எண்ணைத் தீர்மானிக்கும். 80 கம்பிக் கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கும், கறுப்பு முனை மாஸ்டருக்கும், நடுவிலுள்ள சாம்பல் நிற முனை ஸ்லேவுக்கும் உரியவை.

மூடியை மாற்றுமுன் மின்சாரத்தைத் துண்டிப்பது மிக அவசியம். ஊசி வளையாதபடி சிறு இடுக்கியால் மெல்ல எடுக்க வேண்டும். மூடியை மாற்றுவதால் தகவல் எதுவும் அழிவதில்லை. ஆனால் திரையில் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் ஒருபோதும் சம்மதிக்கலாகாது!

எங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில், 'பழுது' என்று எழுதி ஒதுக்கிய தட்டு ஒன்று இருந்தது. அதுவும், உடனிருந்த தட்டும் மாஸ்டராகவே அமைந்திருந்தன. சீட்டைப் பார்த்து ஒரு மூடியை மாற்றினோம். பழைய ஆண்டுவிழாப் படங்கள் திரையில் தோன்றின! அவற்றில், இன்று எங்களுக்குப் பாடம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் மாணவியாக நின்றிருந்தார்.

2003-இல் வெளிவந்த சாட்டா முறையில் தட்டுக்கு ஒரு கேபிள் என்றானதால், இவ்வேலைக்குத் தேவை இல்லாமற் போயிற்று. ஆயினும் பழைய தட்டுகள் சில வீடுகளின் அலமாரிகளில் இன்னும் உறங்குகின்றன. தோழியரே, 'கெட்டுவிட்டது' என்று அவற்றைப் பழைய இரும்புக் கடையில் போடுமுன், அந்தச் சின்னஞ்சிறு மூடியை ஒரு முறை பாருங்கள்!