சிறு இணையக் கடைகளில் பயனர் பட்டறிவு

பயனர் பட்டறிவு (பயனர் அனுபவம் எனவும் வழங்கும்) என்பது ஓர் இணையத்தளத்தையோ செயலியையோ பயன்படுத்தும் ஒருவர், அதைத் திறந்தது முதல் தம் வேலை முடியும் வரை அடையும் எளிமை, தடை, நம்பிக்கை, எரிச்சல் ஆகிய அனைத்தின் தொகுப்பு ஆகும். பெரிய மின்வணிக நிறுவனங்களில் இதைக் கவனிக்கத் தனிப் பிரிவே இயங்குகிறது. ஒரு குடும்பமோ மகளிர் குழுவோ நடத்தும் சிறு கடையில் படம் எடுப்பவரும், பொதி கட்டுபவரும், தொலைபேசியில் மறுமொழி சொல்பவரும் பெரும்பாலும் ஒருவரே. எனவே பெரிய தளங்களின் தோற்றத்தைப் படியெடுப்பது சிறு கடைகளுக்குப் பொதுவாகப் பயன்படுவதில்லை.

பன்னாட்டுச் சீர்தர நிறுவனத்தின் ஐஎஸ்ஓ 9241-11 (1998, திருத்தப் பதிப்பு 2018) பயன்பாட்டு எளிமையை மூன்று அளவுகளால் வரையறுக்கிறது: எண்ணிய வேலை முடிந்ததா, எவ்வளவு முயற்சியில் முடிந்தது, பயனர் மனநிறைவு அடைந்தாரா என்பன. குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட சூழல் என்னும் நிபந்தனையும் அவ்வரையறையில் உண்டு. ஆகவே எல்லோருக்கும் எளிதான கடை என்று ஒன்று இருக்க இயலாது; யாருக்கு எளிது என்பதே கேள்வி.

பின்னணி

தொலைவிலிருந்து பொருள் வாங்குவது தமிழருக்குப் புதிதன்று. விலை செலுத்திப் பெறும் அஞ்சல் (வி.பி.பி.) 19 ஆம் நூற்றாண்டிலேயே இந்தியாவில் அறிமுகமாயிற்று, இன்றைய இணையக் கடைகள் பொருளைக் கொடுத்தபின் பணம் பெறும் முறை அதன் வழித்தோன்றலே எனலாம். இந்தியாவின் தொடக்ககால இணையக் கடைகளுள் ஒன்றான ஃபேப்மால் 1999 ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கியது. தமிழில் முதலில் இணையத்துக்கு வந்த கடைகளுள் நூல் விற்பனைத் தளங்கள் குறிப்பிடத்தக்கவை. ஒருங்குறி பரவும் முன் தளத்துக்குரிய எழுத்துரு வாசகரின் கணினியில் இல்லையெனில் நூற்பெயர்கள் பொருளற்ற குறிகளாகவே தெரிந்தன. அட்டைப்படத்தைக் கண்டு நூலை அடையாளம் காண வேண்டிய நிலை அப்போது இருந்தது. எழுத்துருச் சிக்கல் தீர்ந்தபின் பணம் செலுத்துவதே பெருந்தடையாக எஞ்சியது. 2016 ஆம் ஆண்டு யுபிஐ அறிமுகமானபின் கடன் அட்டை இல்லாதவர் இணையத்தில் பணம் செலுத்துவது எளிதாயிற்று.

பழவேற்காட்டு ஏரிப் பகுதி

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலுள்ள பழவேற்காட்டை ஒட்டிய ஏரி, சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். திருவள்ளூர் மாவட்டத்தின் காட்டூர் உள்ளிட்ட ஏரிப்புற ஊர்களைப் போன்ற ஓர் ஊரிலிருந்து இணையக் கடை நடத்துவதாயின், விற்கத்தக்க பொருள்கள் இரு வகைப்படும். ஒன்று இறால், நண்டு, மடவை, கொடுவா முதலிய ஏரி மீன்வளம். மற்றொன்று இப்பகுதிப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டி, கூடை போன்ற கைவினைப் பொருள்கள். இரண்டுக்கும் வடிவமைப்பு வேறு.

மீன் விற்கும் தளத்தில் முதற்சிக்கல் பெயரில் தொடங்குகிறது. சென்னையில் வஞ்சிரம் எனப்படுவது தூத்துக்குடியில் சீலா. குமரிப் பக்கம் நெய்மீன். மத்தியும் சாளையும் ஒன்றே. ஒரு பெயரை மட்டும் பதிந்து வைத்த தேடுபெட்டி, மீன் கையிருப்பில் இருந்தும் "இல்லை" என்று விடையளிக்கும். ரோமன் எழுத்தில் தட்டச்சுவோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலைக் கையாள்வர். ஒவ்வொரு மீனுக்கும் எல்லா வட்டாரப் பெயர்களையும் மறைசொற்களாகச் சேர்ப்பது ஒருநாள் வேலைதான். விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தராத பயனை அது தரும்.

அடுத்தது எடை. முழு இறாலில் தலையும் ஓடும் நீக்கினால் எஞ்சுவது எடையில் ஏறத்தாழ பாதி முதல் அறுபது விழுக்காடு வரையே. "ஒரு கிலோ" என்பது சுத்தம் செய்வதற்கு முன்னா பின்னா என்று விலைக்கு அருகிலேயே எழுதாத கடையில், வாங்குபவர் முதல் முறையிலேயே ஏமாற்றப்பட்டதாக எண்ணுவார். சந்தையில் தராசு கண்முன் இருப்பதால் எழாத ஐயம் இது.

மூன்றாவது கையிருப்பு. இவ்வேரியில் இன்ன ஊரார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலையிடலாம் என்று முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்னும் மரபு உண்டு. வறண்ட காலத்தில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து கடல்நீர் வரத்துக் குறையும்போது மீன்பாடும் குறையும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இத்தகைய வரத்தைக் கொண்ட கடை, ஆண்டு முழுதும் ஒரே பட்டியலைக் காட்டுவது பொய்யான வாக்குறுதி ஆகும். "இன்று வந்தவை" என்று நான்கு பொருள்களை மட்டும் காட்டும் பக்கம், நாற்பது பொருள்களில் முப்பத்தாறுக்குக் "கையிருப்பு இல்லை" என்று காட்டும் பக்கத்தைவிட மேலானது. கிடைக்காத மீனுக்குப் பணம் பெற்றுத் திருப்பியனுப்புவதில் கடைக்காரருக்கு வேலையும் பெயர்க்கேடும் சேர்ந்தே வரும்.

ஓலைப் பொருளுக்குக் கெடும் அச்சம் இல்லை, அளவுதான் குழப்பம். செ.மீ. கணக்கைப் படித்து உருவத்தை மனத்தில் காண்பவர் குறைவு. பெட்டியைக் கையில் பிடித்தோ, உள்ளே தெரிந்த பொருள் ஒன்றை வைத்தோ எடுத்த படம் அக்குறையைப் போக்கும். இயற்கை ஓலையின் நிறம் ஒன்றுக்கொன்று மாறுபடும் என்பதை முன்கூட்டியே குறிப்பது நல்லது.

கேரளத்தில் நடந்த ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. மீன் ஏற்றுமதித் தொழிலில் இருந்த மாத்யூ ஜோசப் 2012 ஆம் ஆண்டு சீ டு ஹோம் என்ற சிறு இணைய மீன் கடையைத் தொடங்கினார். அது நின்றுபோனபோது, அதன் வாடிக்கையாளராயிருந்த ஷான் கடவில் அவரைத் தேடிச் சென்று கூட்டுச் சேர்ந்தார். 2015 ஆம் ஆண்டு அது பிரெஷ் டு ஹோம் என்ற பெயரில் மீண்டெழுந்தது. வாங்கியவருக்கு மீனின் தரத்தில் நம்பிக்கை இருந்தது. தளத்தை நடத்தும் தொழில்நுட்ப வலிமையே பின்னர் வந்து சேர்ந்தது.

படிவங்களும் பணம் செலுத்தலும்

வாங்கத் தொடங்குவோருள் பத்தில் ஏறத்தாழ ஏழு பேர் கூடையைப் பாதியில் கைவிடுகின்றனர் என்பது பேமார்ட் நிறுவனம் தொகுத்த பல ஆய்வுகளின் சராசரி. கட்டாயக் கணக்குத் தொடக்கமும் கடைசிப் படியில் தோன்றும் கூடுதல் கட்டணங்களும் இதற்கு முதன்மைக் காரணங்களுள் அடங்கும்.

தமிழ்ப் பயனருக்குத் தனித்தடை ஒன்றும் உண்டு. பெரும்பாலான தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. வேற்று நாட்டு வார்ப்புருவை அப்படியே பயன்படுத்தும் கடையோ "கடைசிப் பெயர்" கட்டாயம் என்று கேட்டு, ஓரெழுத்தை உள்ளிட்டால் பிழை என்று மறுக்கும். பெயருக்கு ஒரே கட்டம் வைத்தால் போதும். முகவரியிலும் கதவு எண்ணைவிடக் கோயில், பள்ளி, தண்ணீர்த் தொட்டி போன்ற அடையாளங்களே பொருள் கொண்டுவருபவருக்கு உதவும். 1972 ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ள ஆறிலக்க அஞ்சல் குறியீட்டை முதலில் கேட்டுவிட்டால், அவ்விடத்துக்கு மீன் கொண்டுசெல்ல இயலுமா என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம்.

2018 முதல் வாட்ஸ்அப் வணிகச் செயலியைப் பல சிறு கடைகள் தளத்துக்கு மாற்றாகவே கையாள்கின்றன. மீன்காரரிடம் பேசி வாங்கிய பழக்கத்துக்கு அது நெருக்கமானது. ஆனால் நேற்றைய விலையும் இன்றைய விலையும் ஒரே உரையாடலில் கலந்துவிடும், ஆணைகளும் தவறிப்போகும். எளிய விலைப்பக்கம் ஒன்றைத் தளத்தில் வைத்து, பேச்சை மட்டும் செயலியில் நடத்துவது இடைவழி.

வேகமும் சோதனையும்

மறுமொழி நேரம் பற்றி ஜேக்கப் நீல்சன் 1993 ஆம் ஆண்டு நூலில் தந்த எல்லைகள் இன்றும் எடுத்தாளப்படுகின்றன: 0.1 நொடிக்குள் எனில் உடனடி; 1 நொடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது; 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ சென்றுவிடும். கைப்பேசியில் எடுத்த படத்தைச் சுருக்காமல் ஏற்றுவதே சிறு கடைப் பக்கங்கள் மெதுவாவதற்குப் பொதுவான காரணம்.

ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்பதும் நீல்சனின் கருத்து. அவ்வெண்ணிக்கை போதாது என்று மறுப்போரும் உளர். சிறு கடைக்கு ஐவரே மிகுதி. கடைக்குத் தொடர்பில்லாத ஒருவரிடம் கைப்பேசியைத் தந்து, "அரைக் கிலோ நண்டு வாங்குங்கள்" என்று மட்டும் கூறி, இடையில் உதவாமல் பார்த்திருக்க வேண்டும். உதவாமல் இருப்பதுதான் கடினம்.

சட்டம்

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020 விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு விவரம் ஆகியவற்றைத் தளத்தில் காட்டக் கோருகின்றன. முறையீட்டை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முன்கூட்டியே குறியிட்ட கட்டத்தை ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கின்றன. பொய்யான அவசரம் காட்டுதல், கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்தல், கட்டணத்தைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். "இன்னும் இரண்டே உள்ளன" என்று ஏரிமீன் கடை உண்மையாகவே அறிவிக்க நேரலாம். அவ்வறிவிப்பு அன்றைய கையிருப்போடு ஒத்திருக்கும் வரை அதற்குத் தடையில்லை.