முதல் லேத் வாங்கப் போறீங்களா? பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதீங்க!

யூடியூப்ல ஒருத்தர் பித்தளைக் கம்பியைச் சுழலவிட்டு, அழகா ஒரு பம்பரம் கடைஞ்சு காட்டுறார். நம்ம வீட்டுலயும் ஒரு லேத் இருந்தா என்னனு கை துறுதுறுங்குதா? நல்ல ஆசைதான். ஆனா, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க.

லேத் வாங்குற பலரும் விலையையும் நீளத்தையும்தான் பார்க்கிறாங்க. உண்மையில் பார்க்க வேண்டியது, மெஷின் ஆடாம நிக்குதா என்பதைத்தான். டூல் இரும்பை வெட்டும்போது இரும்பும் டூலைத் திருப்பித் தள்ளும். மெஷின் லேசா அதிர்ந்தாலும் கடைஞ்ச இடம் வரிவரியா வந்துடும்.

வீட்டுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஆன்லைன்ல கிடைக்கிற மினி லேத். சுமார் 40 கிலோ. மேஜை மேல வெச்சு, சிங்கிள் பேஸ்லயே ஓட்டலாம். 180 மி.மீ. ஸ்விங்னு போட்டிருந்தா, அது பெட்டுக்கு மேலே சுழலக்கூடிய விட்டம். கிராஸ் ஸ்லைடுக்கு மேலே அதைவிட ரொம்பக் குறைவுதான். பித்தளை, அலுமினியத்துல சின்னச் சின்ன வேலைக்கு இது தாராளம். இரும்பா? பொறுமையா, கொஞ்சம் கொஞ்சமா வெட்டணும்.

இன்னொண்ணு, கோவை மாதிரி பட்டறைகள் நிறைஞ்ச ஊர்ல கிடைக்கிற செகண்ட் ஹேண்ட் நாலரை அடி லேத். எடை அரை டன் பக்கம் வரும். மாடி வீட்டுக்காரங்க இதை மறந்துடுங்க. த்ரீ பேஸ் மோட்டாரா இருந்தா, அதை மாத்துற செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. தரைத்தளமும் இடமும் இருந்தா என் ஓட்டு இதுக்குத்தான்.

ஆனா, புது பெயின்ட் அடிச்ச பழைய லேத்னா உஷார்! சக்குக்குப் பக்கத்துலதான் எப்பவும் வேலை நடக்கும்; அதனால பெட் அங்கேதான் அதிகம் தேயும். கேரேஜை அங்கிருந்து டெயில் ஸ்டாக் வரைக்கும் நகர்த்திப் பாருங்க. சக் பக்கம் லூஸா ஓடி, மறுமுனையில இறுகினா பெட் தேய்ஞ்சிருக்கு. அடுத்து, ஓர் அங்குலக் கம்பியைச் சக்குல மட்டும் பிடிச்சு, மூணு அங்குல நீளத்துக்கு மெலிசா கடையச் சொல்லுங்க. ரெண்டு முனையையும் மைக்ரோமீட்டர்ல அளந்தா வித்தியாசம் 0.02 மி.மீ. அளவுல இருக்கலாம். 0.1 மி.மீ. வந்தா பேரம் பேசாமலே கிளம்பிடுங்க. கடைஞ்சு காட்டவே மறுத்தாலும் அதேதான்!

கையில இருக்கிற மொத்தப் பணத்தையும் மெஷினுக்கே கொட்டிடாதீங்க. ஃபோர் ஜா சக், ட்ரில் சக், வெர்னியர், மைக்ரோமீட்டர், டூல் தீட்ட பெஞ்ச் கிரைண்டர்னு பட்டியல் நீளும். மூணுல ஒரு பங்கை இதுக்கு ஒதுக்குங்க. டூல்ல கார்பைடு பக்கம் இப்பவே போகாதீங்க. ஹெச்.எஸ்.எஸ். பிட் போதும், மழுங்கினா நீங்களே தீட்டிக்கலாம்.

முதல் தடவை ஸ்விட்ச் போடுறதுக்கு முன்னாடி கண்ணாடி மாட்டுங்க. மோதிரம், கைக்கடிகாரம், மணிக்கட்டுல கட்டின சாமிக் கயிறு எல்லாத்தையும் கழட்டிடுங்க. தலைமுடியைக் கட்டிக்கோங்க, துப்பட்டா வேணாம். கையுறை பாதுகாப்புனு தோணும்; லேத்ல அதுதான் கையை உள்ளே இழுக்கும். இரும்புச் சுருளைக் கையால எடுக்காம, கொக்கி வெச்சு இழுங்க. சக் கீயைச் சக்குலயே விட்டுட்டு மோட்டாரைப் போட்டா, அது தோட்டா மாதிரி பறக்கும். சக்கை முடுக்கினதும் கீ வெளியே வந்துடணும். அதுவரைக்கும் அதுல இருந்து கையை எடுக்காதீங்க.